பெருகும் கணக்கு எல்லாருக்கும் வேண்டும்

கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் தோழியர் எந்த வகுப்பிலும் உண்டு. எங்கள் பத்தாம் வகுப்பிலும் உண்டு. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் அவர்களில் பலர் கணக்குப் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, வரலாற்றுக் குரூப்பிலோ, கணக்கில்லாத அறிவியல் குரூப்பிலோ சேர்ந்துவிடுவார்கள். அது அவரவர் விருப்பம். அதைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. ஆனால் அப்படிப் பிரிந்து போகும் முன்னர் எல்லாரும் ஒருமுறையாவது காண வேண்டிய ஒரு பாடம், பிரிந்த பிறகு கணக்கு உள்ள குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டப்படுகிறது. இதுவே என் மனக்குறை. அந்தப் பாடத்தின் பெயர் அடுக்குக்குறிச் சார்புகளை வகையிடுதல்.

பெயரைக் கண்டு பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! வகையிடுதல் என்பது, ஒன்று மாறும்போது அந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பது. ஆயத்தொலை வடிவியலில் நேர்கோட்டுக்குச் சாய்வு கண்டோம் அல்லவா? அதே சாய்வை வளைகோட்டின் ஒரு புள்ளியில் காண்பதுதான் அது. அடுக்குக்குறிச் சார்பு என்பது 2, 4, 8, 16 என்று பெருகும் பெருக்குத் தொடர்வரிசையின் அக்காள். தொடர்வரிசை படிக்கட்டில் ஏறுகிறது; சார்பு படியே இல்லாத சரிவில் வழுக்காமல் ஏறுகிறது. ஆகவே சார்பு, தொடர்வரிசை, சாய்வு ஆகிய மூன்றும் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே தனித்தனி அத்தியாயங்களில் இருக்கின்றன. மூன்றையும் ஓர் இடத்தில் சேர்த்துக் காட்டுவார் இல்லை.

பதினோராம் வகுப்பில் இப்பாடம் எப்படி வருகிறது என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "அதுவா? அது ரொம்பச் சுலபமடி. 'இ' என்ற எண்ணின் அடுக்கை வகையிட்டால் அதுவேதான் விடை. அப்படியே பார்த்து எழுதிவிட வேண்டியதுதான்" என்றார். "ஏன் அக்கா அது மட்டும் மாறாமல் இருக்கிறது?" என்றேன். "ஏன் என்று தேர்வில் கேட்க மாட்டார்கள்" என்று பதில் வந்தது. அவர் கெட்டிக்காரர், நூற்றுக்கு நூறு வாங்குபவர். குறை அவரிடம் இல்லை. கணிதத்திலேயே மிக வியப்பான ஒரு செய்தியை, மனப்பாடம் செய்ய வேண்டாத ஒரு வாய்பாடு என்று மகிழ்ந்து கடந்து போகும்படி நாம் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம்.

அந்த வியப்பைக் காண நுண்கணிதம்கூட வேண்டாம். கழித்தல் தெரிந்தால் போதும். 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களை எழுதி அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 3, 5, 7, 9 என்று வரும். வர்க்கம் போய்விட்டது, வெறும் ஒற்றைப்படை எண்கள். மறுபடியும் கழித்தால் 2, 2, 2. அதற்கும் மேல் கழித்தால் பூச்சியம். எவ்வளவு பெரிய படியானாலும் கழிக்கக் கழிக்கத் தேய்ந்து ஒரு நாள் ஒன்றுமில்லாமல் போகும்.

இப்போது 1, 2, 4, 8, 16, 32 என்று எழுதிக் கழியுங்கள். 1, 2, 4, 8, 16. மறுபடியும் கழியுங்கள். 1, 2, 4, 8. ஆயுள் முழுதும் கழித்துக்கொண்டிருந்தாலும் இது தேயாது! தன் வளர்ச்சியும் தானாகவே இருக்கும் தொடர் இது. 3-இன் அடுக்குகளை எடுத்தால் 1, 3, 9, 27, 81. வேறுபாடுகள் 2, 6, 18, 54. அதாவது தன்னைப்போல் இரு மடங்கு. 10-இன் அடுக்குகளுக்கு வேறுபாடு தன்னைப்போல் ஒன்பது மடங்கு. எந்த எண்ணை அடிமானமாக எடுத்தாலும், கூடுகிற அளவு இருக்கிற அளவின் மடங்காகவே அமைகிறது. 'இருப்பதற்கு ஏற்ப வளர்வது' என்ற இந்த ஒரு குணந்தான் அடுக்குக்குறிச் சார்பின் உயிர். மற்றவை எல்லாம் அதன் விளைவுகள்.

கதையாகச் சொன்னால் சதுரங்கப் பலகையின் கதை எல்லாரும் கேட்டதே. அம்பலப்புழைப் பால் பாயசத்துக்கும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டத்துக்கும் கேட்டு அரசனைத் திகைக்க வைத்த கதை. எனக்கு அந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கேட்பவர் வாயைப் பிளப்பதோடு அது முடிந்துவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் வைக்கும் நெல், அதற்கு முந்தைய 63 கட்டங்களிலும் வைத்த நெல் முழுவதையும்விட ஒன்று அதிகம் என்பதைக் கதை சொல்பவர் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லியிருந்தால் அரசனுடைய தவறு எங்கே என்று விளங்கியிருக்கும். பாதிப் பலகை நிரம்பியபோது 'பாதி முடிந்தது' என்று அவன் எண்ணினான். உண்மையில் அப்போது ஒன்றுமே தொடங்கவில்லை.

இனி, ஒரு படியாகத் தாவாமல் சிறுகச் சிறுக ஏறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2-இன் அடுக்கை ஒன்று கூட்டுவதற்குப் பதில் அரை கூட்டினால் மதிப்பு √2 மடங்காகிறது. கால் கூட்டினால் அந்த √2-இன் வர்க்கமூலம். எனவே மளிகைக் கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரே போதும். 2 என்று அழுத்தி, √ பொத்தானைப் பத்து முறை அழுத்துங்கள். 1.000677 என்பது போல் ஓர் எண் வரும். அதில் 1-ஐக் கழித்து, 1024-ஆல் பெருக்குங்கள். (பத்து முறை பாதியாக்கினால் 1024-இல் ஒரு பங்கு அல்லவா?) விடை ஏறத்தாழ 0.693. அதாவது 2-ஐ அடிமானமாகக் கொண்ட சார்பு, எந்தக் கணத்திலும் தன் மதிப்பைப்போல் 0.693 மடங்கு வேகத்தில் வளர்கிறது. 3-க்கு இதேபோல் செய்தால் 1.099 வருகிறது.

இவ்விடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. படியை முன்னால் கொண்டு வந்து பெருக்கி, படியில் ஒன்றைக் குறைக்கும் விதி அக்காமாருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த விதி அடிமானம் மாறும்போது பொருந்தும். அடுக்கு மாறும்போது பொருந்தாது. பொருந்தாது என்று கண்டுபிடிக்கப் பெரிய நிறுவல் வேண்டாம். அந்த விதிப்படி, அடுக்கு பூச்சியமாக இருக்கும்போது 2-இன் அடுக்கு வளரும் வேகமும் பூச்சியம் என்று வரும். ஆனால் அந்த இடத்தில் வளைகோடு படுத்துக்கிடக்கவில்லை, 0.693 சாய்வில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கால்குலேட்டர் இப்போதுதான் சொன்னது. வாய்பாட்டை நம்புவதா, கண்ணை நம்புவதா? கண்ணை நம்பக் கற்றுக் கொடுக்கும் கணக்கு இது.

சரி, 2-க்கு 0.693, 3-க்கு 1.099. ஒன்று 1-க்குக் கீழே. மற்றது 1-க்கு மேலே. அப்படியானால் இரண்டுக்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணுக்குச் சரியாக 1 வர வேண்டும் அல்லவா? அந்த எண்ணை அடிமானமாக வைத்தால் வளரும் வேகமும் மதிப்பும் ஒன்றே. அதுதான் 'இ'. அதன் மதிப்பு 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் போகிறது. அக்கா சொன்ன 'அப்படியே எழுதிவிட வேண்டிய' விடையின் காரணம் இவ்வளவே. 'இ' வானத்திலிருந்து விழுந்த மந்திர எண் அன்று. எந்த மடங்கும் ஒட்டாமல், வளர்ச்சி தானாகவே இருக்க வேண்டும் என்று நாம் கேட்டோம். அதற்குக் கிடைத்த எண் அது.

இன்னொரு வேடிக்கை. அதே கால்குலேட்டரில் 4-க்குச் செய்து பாருங்கள். 1.387 வரும், 2-க்கு வந்ததைப்போல் இரு மடங்கு. 6-க்குச் செய்தால் 1.793, இது 2-க்கும் 3-க்கும் வந்தவற்றின் கூடுதலை ஒட்டி வருகிறது. எண்களைப் பெருக்கினால் இவை கூடுகின்றன! நம் அப்பாமார் காலத்தில் கிளார்க் அட்டவணை என்று ஒரு மெல்லிய புத்தகம் வைத்திருந்தார்கள். அதில் உள்ள மடக்கைகளின் குணமும் இதுவே. ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் வெளியிட்ட மடக்கை அட்டவணை, பெருக்கலைக் கூட்டலாக மாற்றி வானியலாரின் முதுகெலும்பைக் காப்பாற்றியது. √ பொத்தானைப் பத்து முறை அழுத்தியபோது நாமும் நம்மை அறியாமல் மடக்கைதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

இத்தனையும் அழகு என்பதற்காக மட்டும் நான் இப்பாடத்தைக் கேட்கவில்லை. 'இ' என்ற எண் பிறந்த இடம் வட்டிக் கணக்கு. ஸ்விட்சர்லாந்து நாட்டு ஜேக்கப் பெர்னூலி 1683இல் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டு முடிவில் 2 ரூபாய். அதையே அரையாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்த்தால் 2.25. மாதந்தோறும் சேர்த்தால் 2.61. நாள்தோறும் சேர்த்தால் 2.7146. மணிக்கு மணி சேர்த்தால் 2.7181. கணத்துக்குக் கணம் சேர்த்துக்கொண்டே போனால் எங்கே நிற்கும்? அது எல்லையின்றி ஓடிவிடாது. 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும் என்று அவர் கண்டார். பின்னர் லியோனார்டு ஆய்லர் அந்த எல்லைக்கு 'இ' என்ற எழுத்தைச் சூட்டினார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று ஒருவர் கடன் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குச் சிறிய தொகை. ஒரு தேநீர்க் காசுகூட இல்லை. நூறு நாள் வட்டியைக் கட்ட முடியாமல் போய், கட்டாத வட்டி ஒவ்வொரு நாளும் அசலோடு சேர்ந்தால், நூறாம் நாள் தர வேண்டியது 200 ரூபாய் அன்று. 270 ரூபாய் 48 காசு. பெர்னூலியின் கேள்வி அப்படியே நம் தெருவில் நிற்கிறது! மாதம் பத்து வட்டி என்பார்கள். வட்டி கட்டாமல் சேர்ந்தால் 10,000 ரூபாய் ஓராண்டில் 22,000 ஆகும் என்றுதான் பலரும் மனக்கணக்குப் போடுவார்கள். ஆவது 31,384.

தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்ய 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் சட்டம் நம் அருகில் இருப்பதில்லை, மனக்கணக்குத்தான் இருக்கும். பள்ளிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு, மகளின் சீர் என்று எந்த நெருக்கடி வந்தாலும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கோ, கைமாற்றுக்கோ நடப்பவர்கள் பெரும்பாலும் நம் அம்மாமார். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டை எழுதுபவரும் பெண்ணே. நாளை அந்த இடத்தில் நிற்கப் போகிறவர்கள் கணக்கைப் பரணில் போட்ட நம் தோழியரும்தாம்.

அவர்களுக்கு மேலே சொன்ன 0.693 என்ற எண் ஒன்று போதும். அதை நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 70. எந்த வட்டி வீதத்தைக் கொண்டும் 70-ஐ வகுத்தால், கடனோ சேமிப்போ இரட்டிக்கும் காலம் வந்துவிடும். வங்கியில் 7 விழுக்காட்டுக்குப் போட்ட பணம் பத்து ஆண்டில் ஏறத்தாழ இரட்டிக்கும். மாதம் இரண்டு வட்டிக் கடன், கட்டாமல் சேர்ந்தால், 35 மாதத்தில் இரட்டிக்கும். பத்து வட்டியானால் ஏழெட்டு மாதம். காகிதமும் பேனாவும் இல்லாமல் பேருந்தில் நின்றுகொண்டே போடக்கூடிய கணக்கு. வட்டிக் கணக்கை எட்டாம் வகுப்பிலேயே படித்தோமே என்று சிலர் சொல்லக்கூடும். படித்தோம். மூன்று ஆண்டுக்குக் கூட்டு வட்டி கண்டுபிடித்து, இரண்டு கோடு போட்டு விடை எழுதினோம். மூன்று ஆண்டில் தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை என்பதால், கூட்டு வட்டியின் குணம் அந்தக் கணக்குகளில் கண்ணில் படவே இல்லை.

பணத்தை விடுங்கள். 2020ஆம் ஆண்டில் நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். மார்ச் 24ஆம் நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நம் நாட்டில் கொரோனா கண்டவர்கள் ஐந்நூறு பேர் அளவில் இருந்தனர். 'இத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டில் ஐந்நூறு பேருக்காகவா எல்லாவற்றையும் மூடுவது?' என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். ஜூலை நடுவில் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது. ஐந்நூறு எங்கே, பத்து இலட்சம் எங்கே என்று மலைக்க வேண்டாம். இரண்டாயிரம் மடங்கு என்பது பதினோரு முறை இரட்டிப்பது. 114 நாளில் பதினோரு முறை. சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை. ஊரடங்கு சரியா, அதை நடத்திய விதம் சரியா என்பதெல்லாம் வேறு வழக்கு. நடந்தே ஊர் போன தொழிலாளரின் துயரத்தை யாரும் மறக்க முடியாது. நான் சொல்ல வருவது ஒன்றே. 'இப்போது எத்தனை?' என்று மட்டும் கேட்கிறவரும், 'எத்தனை நாளில் இரட்டிக்கிறது?' என்று கேட்கிறவரும் ஒரே செய்தித்தாளைப் படித்து வேறு வேறு முடிவுக்கு வருவார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழக்குவது இப்பாடம். நோய் அப்படியே என்றென்றும் இரட்டித்துக்கொண்டிருக்காது என்பதும் உண்மைதான். தொற்றுவதற்கு ஆள் குறையும்போது வளைகோடு தலை சாயும். சாயத் தொடங்கியதையும் சாய்வு அறிந்தவரே முதலில் காண்பார்.

குறைவதற்கும் இதே விதிதான். மரம் மடிந்தபின் அதிலுள்ள கார்பன்-14 இருப்பதற்கு ஏற்பத் தேய்கிறது. 5,730 ஆண்டில் பாதியாகிறது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2019இல் வெளியான அறிக்கை சொன்னபோது தமிழர் எல்லாரும் மகிழ்ந்தோம். 2,600 ஆண்டு கழிந்த கரியில் அந்தக் கார்பன் சற்றேறக்குறைய 73 விழுக்காடு எஞ்சியிருக்கும். அந்த மிச்சத்திலிருந்து ஆண்டைப் பின்னோக்கிக் கணக்கிட உதவுவது நம் 0.693-தான். வரலாற்றுக் குரூப்பில் சேரப் போகும் தோழியே, கீழடியின் வயதை நீ நம்ப மட்டும் போகிறாயா, கணக்கிட்டும் பார்க்கப் போகிறாயா?

'பெண் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் எதற்கு?' என்று இக்காலத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் குரூப் தேர்ந்தெடுக்கும் நாளில் சில வீடுகளில் வேறு சொற்களில் அது வரத்தான் செய்கிறது. 'கணக்குக் குரூப்புக்கு டியூஷன் வைக்க வேண்டும், தம்பிக்கும் செலவு இருக்கிறது' என்பது அதன் ஒரு வடிவம். பெற்றோர்கள் என்மேல் சினம் கொள்ள வேண்டாம். நம் திருச்சபையின் மகள் ஒருத்தியையே நான் சாட்சிக்கு அழைக்கிறேன்.

மரியா கயத்தானா அக்னேசி 1718இல் இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிறந்தார். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் மூத்தவர். நம்மில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சலித்தவர்கள் அவரை உடனே புரிந்துகொள்வார்கள். கன்னியர் மடத்தில் சேர விரும்பினார், தந்தை இசையவில்லை. வீட்டிலிருந்தபடியே கணிதம் கற்றார், கற்பித்தார். 1748இல் நுண்கணிதம் வரை விளக்கும் ஒரு நூலை இரண்டு பாகமாக, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஆய்லர் அடுக்குக்குறிச் சார்பையும் மடக்கையையும் விரிவாக விளக்கிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஆய்லர் எழுதியது அறிஞர்களின் மொழியான இலத்தீனில். அக்னேசி எழுதியது தம் நாட்டுப் பிள்ளைகள் பேசும் இத்தாலிய மொழியில். இத்தாலிய இளைஞருக்காக என்று தலைப்பிலேயே குறித்தார். தமிழ் வழியில் படிக்கும் நமக்கு அவர்மேல் தனி அன்பு வர இது ஒன்றே போதும். 1750இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவரைப் போலோஞா பல்கலைக்கழகத்தில் கணிதப் பதவிக்கு நியமித்தார். ஒரு பெண்ணுக்கு! 275 ஆண்டுக்கு முன்!

அக்னேசி அப்பதவிக்குச் செல்லவில்லை. 1752இல் தந்தை இறந்தபின் கணிதத்தை விட்டு, நோயுற்ற ஏழைப் பெண்களுக்குப் பணி செய்தார். 1771 முதல் மிலானில் இருந்த ஓர் ஏழையர் இல்லத்தில் பெண்கள் பகுதியை நடத்தினார். 1799இல் ஏழைகளோடு ஏழையாகவே அடக்கம் செய்யப்பட்டார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பிற்பகுதியையே நாம் மிகவும் போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஆயினும் மதிப்புக்குரிய சகோதரியரிடம் பணிவோடு ஒன்று சொல்வேன்: முற்பகுதியையும் எங்களுக்குச் சொல்லுங்கள். ஏழையர் இல்லம் நடத்தியவரைப்போல் ஆக வேண்டும் என்று எங்களிடம் சொல்கிறவர்கள், ஆயிரம் பக்கக் கணித நூல் எழுதியவரைப்போல் ஆக வேண்டும் என்றும் சொன்னால் என்ன? இரண்டும் ஒரே பெண்தானே!

'தேர்வில் வராத பாடத்துக்கு நேரம் எங்கே?' என்பதுதான் எஞ்சிய தடை. இது பொய்த் தடை அன்று. சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, மாதிரித் தேர்வு என்று எங்கள் ஆசிரியைகள் படும் பாட்டை நாங்கள் காண்கிறோம். அதனால் நான் பாடத்திட்டத்தில் இன்னோர் அத்தியாயத்தைத் திணிக்கச் சொல்லவில்லை. அத்தியாயமாக்கினால் அதிலும் ஐந்து மதிப்பெண் வினா வரும், வினா வந்தால் விடையை மனப்பாடம் செய்வோம், பழைய கதைதான். நம் பள்ளியில் கணித மன்றம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை விநாடி வினாவும், ராமானுஜன் பிறந்தநாளன்று சுவரொட்டியும் போடுவதோடு அதன் பணி நின்றுவிடுகிறது. மதிப்பெண் இல்லாமல், பத்தாம் வகுப்பின் எல்லாப் பிரிவினருக்கும், ஒன்பதாம் வகுப்பில் விரும்பி வருவோருக்கும், இரண்டு சனிக்கிழமைக் காலைகளை மன்றம் ஒதுக்கினால் போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னரே முடித்துவிடலாம். பெற்றோர் வந்து பின் வரிசையில் அமர்ந்தாலும் நல்லதே. எழுபதால் வகுக்கும் கணக்கு அவர்களுக்கும் வேண்டும்.

அதற்கு வேண்டிய பொருள்கள்: வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாதாரணக் கால்குலேட்டர், ஒரு வரைபடத் தாள், கூர்மையான பென்சில். பரவளையம் வரைந்து வரைந்து கை சலித்த நாம், முதல் சனிக்கிழமை 1, 2, 4, 8, 16 என்று புள்ளிகள் வைத்து இணைப்போம். 1, 2, 4, 8 ஆகிய உயரங்களில் அடிக்கோலை வளைகோட்டின்மேல் ஒட்டினாற்போல் வைத்துச் சாய்வை அளப்போம். அளந்ததை அந்தந்த உயரத்தால் வகுப்போம். ஒவ்வொருவர் தாளிலும் எல்லா உயரத்திலும் 0.7 அளவில் ஓர் எண் வரும். ஏன் ஒரே எண் வருகிறது என்று அப்போது யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு கணித ஆசிரியை கரும்பலகைக்கு வரட்டும்.